கூப்பிடு தூரம்

கால அட்டவணையில் ஒரே வரி:
விடியாத ஊரிலிருந்து உருகாத ஊருக்கு
ஏறக்குறைய முந்நூற்றெண்பது கிலோமீட்டர்,
ஒரு மணி நாற்பது நிமிடம்.

ஊர்ப்பெயர்கள் நான் கட்டியவை அல்ல.
கௌசூயிட்டுக் என்றால் விடியாத இடம்,
அவுசூயிட்டுக் என்றால் உருகாத இடம்.
வரைபடம் அச்சடித்தவர்கள்
வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.
எதைச் சொல்லிக் கேட்டாலும்
பயணச்சீட்டு விலை ஒன்றுதான்.

ஜேப்பிட்டி
உருகாத ஊரின் ஓடுதளத்தில் வானிலை பார்ப்பவன்.
சன்னலுக்கு வெளியே
தெரிவதைத் தெரிகிறதென்றும்
தெரியாததைத் தெரியவில்லையென்றும்
வானொலியில் சொல்வதற்குச் சம்பளம்.
சரளைக்கல் ஓடுதளம், குட்டை.
பின்னால் மலை. முன்னால் உறைந்த கடல்.
பிசகினால் திருத்திக்கொள்ள இடமில்லை.

பிப்ரவரிக் கடைசியில் கீலா போனாள்.
ஊரில் பிள்ளைப்பேறு பார்க்க ஆளில்லை.
வயிற்றோடு சேர்த்து எழுபத்தொன்பது கிலோ என்று
எடைத்தாளில் அவனே எழுதினான்.
பையில் உறைந்த மீன் நான்கு,
அவனுடைய பழைய கையுறையில் ஒன்று.
எதற்கென்று அவள் சொல்லவில்லை.

பிறகு இக்கலுயிட், தங்கும் விடுதி, மருத்துவமனை.
விறைத்து விறைத்து வரும் காணொளி அழைப்பில்
ஒரு கன்னம், பாதிக் காது.
குரல் வருவதற்குள் அறுந்துவிடும்.

ஒன்பது வாரம் கழித்து,
சூரியன் விழாமல் சுற்றிவரத் தொடங்கிய நாட்களில்,
விமானம் கிளம்பிவிட்டதென்று தகவல்.
டெவன் தீவைத் தாண்டும்வரை
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
பிறகு ஜோன்ஸ் நீரிணையிலிருந்து மூடுபனி
அடுப்பில் மறந்த பால்போல் ஏறியது.
முதலில் மலை போனது.
பிறகு எரிபொருள் தொட்டி.
பிறகு காற்றுப்பை கட்டிய கம்பம்.

தலைக்கு மேல் எஞ்சின் சத்தம்.
விமானி ஃபூர்னியே கேட்டாள்,
கம்பம் தெரிகிறதா?

கம்பம் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும்.
பதினோரு வருடமாக அங்கேதான் நிற்கிறது.
கண்ணை மூடினாலும் தெரியும்.
வாயைத் திறந்தான்.

அவள் கேள்விக்குப் பின்னால்,
இரைச்சலுக்கும் பின்னால்,
ஓர் அழுகை.
துருவே ஏறாத, புத்தம் புதிய கோபம்.

தெரியவில்லை, என்றான் ஜேப்பிட்டி.
கம்பம் தெரியவில்லை.

சத்தம் ஒருமுறை வட்டமிட்டது,
தென்மேற்கே தேய்ந்தது.

பதிவேட்டை நிரப்பவேண்டியிருந்தது.
புறப்பட்ட இடம்: விடியாத ஊர்.
இறங்கிய இடம்: விடியாத ஊர்.
பறந்த நேரம்: மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம்.
கடந்த தூரம் என்ற கட்டத்தின்மேல்
பேனாவை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தான்.

நேர்க்கோட்டில் அளந்தால் சுழி.
ஒரு குரல் போய்ச் சேரும் இடைவெளிக்கு
என் மொழியில் ஓர் அளவு உண்டு,
கூப்பிடு தூரம் என்று.
அவனுக்கு அது தெரியாது.
கட்டத்தைக் காலியாக விட்டான்.

நாளைக்கும் மூடுபனி.
மறுநாள் வருவது சரக்கு, இருக்கை கிடையாது.
வியாழக்கிழமை பார்க்கலாம் என்கிறார்கள்.

கூட்டுறவுக் கடையில் மாவு வாங்கும்போது
பார்த்தாயா மகளை, என்று கேட்டார்கள்.
இல்லை, என்றான்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
கதவருகே திரும்பி,
நல்ல தொண்டை, என்றான்.