412ஆம் வரி

விர்ட்சு துறைமுகத்தில் கடைசிப் படகும் போயாயிற்று.
சீட்டு இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து
மடிக்கணினியைச் செருகியிருக்கிறாள் லேலோ.
வெளியே பால்டிக் குளிர், மைனஸ் ஒன்பது.
தட்டச்சுக்காகக் கையுறையில்
இரண்டு விரல்களை வெட்டிவிட்டாள்.

புகார் எளியது:
முஹு தீவு, ஒரு கார், இரண்டு பேர்
என்று தொட்டால்
திரை நாலு நொடி செத்துப் பிழைக்கிறது.
அதற்குள் மறுபடி தொடுகிறார்கள், மறுபடி,
பிறகு முஷ்டியால்.
போன சனிக்கிழமை ஒருவருக்கு
பதினோரு கார்களுக்குச் சீட்டு வந்தது.
அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள்.

உள்ளே ஓர் உலாவி குடியிருக்கிறது,
முகவரிப் பட்டை இல்லாமல்,
தான் உலாவி என்பதே தெரியாமல்.
நிரல் அதனிடம் கேட்கிறது: விலை என்ன?
கேட்டுவிட்டு அங்கேயே நிற்கிறது.
வந்ததும்: இடம் உண்டா? நிற்கிறது.
ஒரு தொடுதலுக்கு முப்பத்தேழு கேள்வி.
முப்பத்தேழு முறை ஓர் இழை
இன்னோர் இழையின் வாசலில்
தொப்பியைக் கையில் பிடித்தபடி.

முதலில், அவசரத்தில், ஜன்னலையே
வேறோர் இழைக்கு மாற்றிப் பார்த்தாள்.
திரை கறுத்தது.
பெற்ற இழையைத் தவிர
யார் கூப்பிட்டாலும் ஜன்னல் திரும்பாது.
சரிடி பிடிவாதக்காரி, நீ அங்கேயே இரு,
வரைவது மட்டும் உன் வேலை,
விரல் பட்டால் பட்டது என்று சொல்.

முப்பத்தேழையும் ஒரே மூட்டையாகக் கட்டி
பின்னால் சும்மா இருந்த இழையிடம் கொடுத்தாள்:
பதில் கிடைத்தால் கூப்பிடு.
412ஆம் வரியில் ஒரே ஒரு சொல், 'காத்திரு'.
அழித்தாள்.

விளக்கணைக்க வந்த உர்மஸ்
ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.
சீட்டு அவர் சட்டைமேல் விழுந்தது.
நம்பாமல், பழக்க தோஷத்தில்,
இன்னொரு முறை தொட்டார்.
பொத்தான் அதற்குள் சாம்பல் நிறமாகியிருந்தது.
"அட, இதற்கு ரோஷம் வந்துவிட்டது."

லேலோ சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தாள்,
செவ்வாய்க்கிழமையிலிருந்து எடுப்பதுபோல.
அப்பாவின் படகை விற்றுவிடலாமா, க்யுல்லி?
அக்காவிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை.
மூன்று நாள் துணி துவைக்கவில்லை,
பல்வலிக்குப் பார்க்கவில்லை,
ஒழுங்காகச் சாப்பிட்டதாகவும் ஞாபகம் இல்லை.

கருவிப் பெட்டியில்
திருப்புளிகளுக்கு அடியில் அதை வைத்து மூடினாள்.
கம்பு ரொட்டியைப் பிய்த்து
உர்மஸிடம் பாதியை நீட்டினாள்.
நீரிணையில் பனிக்கட்டி எங்கோ முறிந்தது.

பெட்டிக்குள் ஏதோ அதிர்ந்தது.
ரொட்டி முடியட்டும்.