உப்புக் கிடங்கில் டிசம்பர்

பனி இன்னும் விழவில்லை.
விழும் என்றுதான் வரச் சொன்னார்கள்.
மில்வாக்கியின் தெற்கே, நகராட்சி உப்புக் கிடங்கில்
இரவு ஒன்றரை மணிக்கு
ஏழு வண்டிகள்
வாயில் இரும்புப் பலகையைக் கவ்வியபடி தூங்குகின்றன.
ஓட்டுகிறவர்கள் தூங்கவில்லை.

பேச்சு புஸ்தமான்டேயைப் பற்றி.
வேறு யாரைப் பற்றி?
ஒன்பது பருவம் எங்களுக்கு ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவன்.
அக்டோபரோடு ஒப்பந்தம் முடிந்து
இனி எந்தக் கதவையும் தட்டலாம் என்று ஆனவன்.

"முப்பத்தோரு வயசு. அவனுக்குப் பத்து வருஷமா?"
கிரிக்ஸ்பி கேட்கிறான்.
"நாற்பதில் பந்தெடுக்கக் குனிந்தால்
யார் போய் நிமிர்த்துவது?"

டூ ஷியோங் போனை நீட்டுகிறான்.
இடப்பக்கம் பாய்வதில் இரண்டு வருஷமாகச் சரிவு.
முழங்கால் வலியை மறைக்கலாம்,
எண்ணை மறைக்க முடியாது என்கிறான்.

எஃப்ராயின் மேசையில் குத்தியதில்
என் காப்பி கவிழ்ந்தது.
"இருபத்தாறு கோடி டாலர். உன் வீட்டுப் பணமா?
ஒரு பியரைப் பதினாலு டாலருக்கு விற்கிறானே முதலாளி,
அதெல்லாம் எங்கே போகிறது?
யானை கேட்டோம்.
மணி வாங்கி வந்திருக்கிறார்கள்!"

மணி என்றது
இந்த மாதம் வாங்கிய மூன்று பேரை.
ஒருவனுக்கு முழங்கையில் தையல்.
ஒருவன் போன வருஷம் ஐந்து முறை அடிக்கப் போனால்
ஒரு முறை தப்பித்தவறி அடித்த கேட்சர்.
மூன்றாமவன் பெயர் யாருக்கும் நினைவில்லை,
அவனை வாங்கியவர்களுக்காவது இருக்கும்.

"நானும் ஃப்ரீ ஏஜென்ட்தான்," என்றான் கிரிக்ஸ்பி.
"இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டி.
யாராவது ஏலம் கேட்டால் இன்றைக்கே போவேன்."
கொஞ்ச நேரம் காத்திருந்தான்.
ஹீட்டர் மட்டும் முனகியது.

ரெனாட்டா சொன்னது ஒன்றே ஒன்று,
நவம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது:
"அவன் போகமாட்டான்."
நாங்கள் நம்பினோம். அவள் தடம்
ஏரிக்கரையின் பெரிய வீடுகள்,
அதில் அவன் தெரு.
போன பிப்ரவரியில் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து
சூடான சாக்லேட்டை
ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டியவன்.

மூன்று பத்துக்கு டூவின் போன் அதிர்ந்தது.
படித்தான்.
எதுவும் சொல்லாமல்
மேசையில் கவிழ்த்து வைத்தான்.
"எங்கே?" என்றான் எஃப்ராயின்.
"மேற்கே. பதினொரு வருஷம்."
தப்பித்தோம் என்று சொல்லியிருக்க வேண்டிய கிரிக்ஸ்பி
கையுறையைத் தேடினான்,
அது கையிலேயே இருந்தது.

அப்போதுதான் விழத் தொடங்கியது.

ரெனாட்டாவின் வலது இறக்கை
அடிக்கடி சிக்கும். ஸ்பானரோடு நான் ஏறிக்கொண்டேன்.
முதல் சுற்று முடிந்து இரண்டாவதில்
அரையடிப் பனி சேர்ந்திருந்தது.
அவன் தெருவில் திரும்பினோம்.
விளக்கில்லாத வீடு.
கூடைப்பந்துக் கம்பம் புல்வெளியில் படுத்திருந்தது.
சாலையோரம், போன வார மழையில்
பழைய பனி கரைந்து வெளிவந்த பலகை:
விற்பனைக்கு.
கீழே தரகரின் சிரித்த முகம்,
பாதி கன்னம் வரை அழுக்கு ஐஸ்.

அந்த அழுக்கு ஒரு நாளில் சேர்ந்ததில்லை.
அடுக்கடுக்காக இருந்தது.
எண்ணினால்
நவம்பர் வரை போகும்.

நான் எண்ணவில்லை.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
வேகத்தைக் கூட்டி
இறக்கையை நாலு அங்குலம் தாழ்த்தினாள், சிக்கவே இல்லை.
வெள்ளை எழுந்து வளைந்து
தரகரின் முகத்தில்,
எழுத்துகளில்,
கம்பத்தின் நுனிவரை.

அடுத்த முனையில் சிவப்பு விளக்கு.
யாருமில்லாத சந்திப்பில் ஒழுங்காக நின்றாள்.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"அந்த கேட்சர்," என்றாள்,
"இடது கையால் அடிப்பவனா?"