ஒரு ராத்திரிக் காபந்து

ஏசி இரண்டு, ஒன்று சொட்டும்.
தேக்குக் கட்டில், கால் ஆடும்.
சுவர்க் கடிகாரம் போன ஆட்சியிலேயே நின்றுபோனது.
துய்மா வீதி பங்களாவை
அமைச்சர் இருதயநாதன் காலி செய்கிறார்.
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பொதுப்பணித்துறையில் சாமான் கணக்கு என் வேலை.
பதினெட்டு வருடத்தில்
இது நான் எண்ணுகிற ஏழாவது கவிழ்ப்பு.

முந்தாநாள் இரவு காலாப்பட்டுத் தாண்டி ஒரு ரிசார்ட்டில்
நான்கு பேர் செல்போனை அணைத்துவிட்டு
இறால் சாப்பிட்டார்களாம்.
விடிந்ததும் சபாநாயகர் வீட்டில் நான்கு கடிதம்.
நான்கிலும் "சொந்தக் காரணங்களுக்காக".
நான்கிலும் ஒரே பிழை: ராஜினமா.
ஒரே ஆள் தட்டச்சு செய்திருக்க வேண்டும்,
சம்பளம் எந்தக் கட்சி கொடுத்ததோ.

முப்பதில் பதினாறு இருந்தால் ஆட்சி.
(நியமன மூவரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.)
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்ந்தவர்களுக்கு
அதில் கை வைத்தால்
நேரே பதினாறாம் நாள் காரியம்.

கூடத்து டிவியை யாரும் அணைக்கவில்லை.
ஏதோ குளிர்நாட்டில் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர்
மைக் முன்னால் நின்று
கட்சி என்னை நம்பவில்லை என்கிறார்,
பக்கத்தில் மனைவி தரையையே பார்க்கிறாள்.
அடுத்த செய்தியில் வேறு தேசம்.
அதிபர் விமானத்தில். அவர் சமையலறையில்
ஜனங்கள் முட்டை பொரிக்கிறார்கள்.
எனக்கு அந்தக் கரண்டிகள்மேல்தான் கண்.
அங்கேயும் ஒருத்தி இருப்பாள்,
நாளைக்கு உட்கார்ந்து எண்ணுவாள்.
பட்டாளம் புகுந்த ஊரில்
பதிவேட்டையே கொளுத்திவிடுவார்களாம்.
இங்கே யாரும் கொளுத்தவில்லை.
அலுப்பான வேலைதான்,
ஆனால் அது கொஞ்சநஞ்ச காரியமில்லை.

"இந்த கேஸ் அடுப்பு நம்மளதா, கவர்மெண்ட்டா?"
கவர்மெண்ட்டு சார்.
"கவர்மெண்ட்டுன்னா இப்ப யாரும்மா?"
கிண்டலாகக் கேட்கவில்லை.
நான் அடுப்பு ஒன்று என்று எழுதினேன்.

கையெழுத்துக்கு நீட்டியபோது
சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனா எடுத்தார்.
சார், நீலம் போதும்.
என் பேனாவை வாங்கிக்கொண்டார்.
மூடியை எந்தப் பக்கம் கழற்றுவது என்று
ஒரு நொடி தெரியவில்லை அவருக்கு.

மகனுடைய சின்ன வண்டியில்
முன்சீட்டில் குனிந்து ஏறினார்.
வாசலில் சிவப்புத் தொப்பிக் காவலரின் கை
பாதி உயர்ந்து
மூக்கைச் சொறிந்து இறங்கியது.

சாவி என்னிடம்.
அடுத்தவருக்கு நாள் நன்றாக இல்லை,
நாளைக் காலை பத்தரைக்கு மேல்தான் வருவார்.
ஆக இந்த ஒரு ராத்திரி,
முத்தியால்பேட்டை செந்தாமரைச்செல்வி,
நான்தான் இந்த வீட்டின் காபந்து அரசு.
கொள்கை முடிவு எதுவும் எடுக்கக் கூடாது.
சொட்டுகிற ஏசிக்கு வாளி வைத்தேன்.
பின்கட்டுப் பூனைக்கு
ஃபிரிட்ஜில் மிஞ்சிய பாலை ஊற்றினேன்,
அதுவும் கட்சி மாறித்தான் வந்தது.
என் காசில் பேட்டரி வாங்கிக்
கடிகாரத்தை ஓடவிட்டேன்.
பிறகு பூட்டிவிட்டு நடந்தேன்.
கடற்கரைச் சாலையில் வாகனத்தை நிறுத்தியிருந்தார்கள்,
ஜனங்கள் சுண்டல் தின்றபடி
கடல் பக்கம் பார்த்து நடந்தார்கள்.
யாரும் ஆட்சியைப் பற்றிப் பேசியதாகக்
காதில் விழவில்லை.

காலையில் பூசணிக்காய் உடைந்தது.
புதியவர் வலது காலை வைத்தார்,
பேனாவைத் திறந்தார், பச்சை.
பெற்றுக்கொண்டவர் கட்டம் நிறைந்தது.
பக்கத்துக் கட்டம், ஒப்படைத்தவர்,
அதே பக்கத்தில் அவருக்காகக் காலியாக இருக்கிறது.
அதை அவர் பார்க்கவில்லை.

சார், ஸ்பூன் ஒரு டஜன் இருக்கணும்.
பதினொன்றுதான் இருக்கு.
சிரித்தார்.
முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள்.