இரண்டு கிலோ

என் கையெழுத்து நன்றாயிருக்கிறதாம்,
அதனால் பதிவேடு என் மடியில்.
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.
பி.டி. ரூமில் கிழிந்த வாலிபால் வலைக்குப் பக்கத்தில்
எடை மெஷின்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்களாம்,
நர்ஸ் அக்கா வரப் பத்தரை ஆனது.
அதுவரை ஏற்பாடுகள் நடந்தன.
ஸ்டெபினா ஷூவைக் கழற்றினாள்,
பெல்ட்டை, அடையாள அட்டையை, கொலுசை,
கடைசியில் ஆறு ஹேர்பின்களையும்.
காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாள்
மெடல் வாங்கியவள்போல.
குழாயடியில் மெஹருன்னிஸா
மூச்சுவிடாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
'காத்துல பறந்துடாதடி' என்று போன வருஷம் யாரோ சொன்னது
இன்னும் அவள் தொண்டையில் இறங்கவில்லை.

நர்ஸ் அக்கா கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார்.
முள்ளைப் பார்த்துச் சொல்வது பி.டி. மிஸ்,
மைதானத்துக்கென்றே வளர்ந்த குரல்.
"அறுபத்தி மூணு!"
ஜன்னல் கம்பியில் தொங்கிய பசங்க
அதைக் கேட்ச் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.
நான் எழுதினேன்.
மை காய்வதற்குள் அது ஸ்டெபினாவின் பெயராகிவிட்டது.

போன வாரம் இதே அறையில்தான் பாடம்.
மாவுச்சத்து, புரதம், கொழுப்பு,
ஐந்து மார்க் கேள்வி, கட்டாயம் வரும்.
கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்கலாம்,
ஜன்னல் பக்கம் நடக்கும்போது
கைகளை எங்கே வைத்துக்கொள்வது,
அதெல்லாம் போர்ஷனில் இல்லை.

என் முறை வந்தது.
ஏறுமுன் குனிந்து பார்த்தேன்.
யாரும் நிற்காத மெஷினில்
முள் இரண்டில் நின்றது.

"மிஸ், சும்மாவே ரெண்டு கிலோ காட்டுது."

நர்ஸ் அக்கா வந்து உட்கார்ந்து
அடியிலிருந்த திருகைத் திருப்பினார்.
ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.
"எல்லாரும் மறுபடி வாங்க.
இனி நான் பார்ப்பேன், இந்தப் பொண்ணு எழுதுவா.
வாய் திறக்கிற வேலை யாருக்கும் இல்லை."

நாற்பத்தியோரு எண்களை அடித்துத் திருத்தினேன்,
என்னுடையதையும் எழுதினேன்.
அதை உங்களிடம் சொல்லப்போவதில்லை.

அடித்தல் திருத்தல் பதிவேட்டில்தான்.
வராந்தாவில் அவள் இன்னும் அறுபத்தி மூணு.

மதியம் ஸ்டெபினா டப்பாவைத் திறந்தாள், மூடினாள்.
எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு.
நாலாவது தடவை பாத்ரூம் போய்விட்டு வந்த மெஹருன்னிஸா
"அந்த ரெண்டு கிலோ யாரோடதுடி?" என்றாள்.
சிரிப்பு வந்ததில் மூடி திரும்பத் திறந்துகொண்டது.
ஸ்டெபினா ஒரு துண்டு உருளைக்கிழங்கு எடுத்தாள்.
இன்னொன்று.
மூன்றாவதில் நிறுத்தினாள்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.