நிறுவைக் கொட்டிலில் குதிரைகள்

சம்மாந்துறை ஆலையில் எனக்கு இரவு வேலை.
லொறி வரும், தட்டில் ஏறும், எஞ்சின் அணையும்.
அதிர்வு அடங்கி
சிவப்பு இலக்கம் அசையாமல் நின்ற பிறகுதான்
எழுதுவேன்: பதினாலாயிரத்து இருநூற்று அறுபது கிலோ.
ஓடுகிற எதற்கும் என்னிடம் எடையில்லை.

லொறி வராத நேரத்துக்காக
கணக்கறையிலிருந்து நுபைல் கேபிள் இழுத்து விட்டிருக்கிறான்.
அவனுக்கொரு கோட்டை, எனக்கொரு கோட்டை,
நடுவில் ஆறு.

முதல் மாதம் முழுக்கத் தோற்றேன்.
கவசக் குதிரை ஒன்றுக்கு
எண்பது தானியம், நூற்றிருபது பொன்.
நெல்லு விலை தெரிந்தவனுக்கு அது நெஞ்சில் குத்தும்.
அவ்வளவு கொடுத்து எடுத்ததை
வாசலில் காவலுக்கு நிறுத்தினேன்,
மதில் இடிக்க அனுப்பினேன்,
ஒருநாள் நாற்பதையும் ஒரே பாலத்தில் ஏற்றினேன்,
பழைய கல்லடிப் பாலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு
இரண்டு பக்கத்தாலும் பஸ் ஏறின மாதிரி.
அக்கரையில் ஈட்டிக்காரர் பன்னிரண்டு பேர்,
மலிவான பயல்கள், காலில் செருப்புமில்லை,
குந்தியிருந்து குத்தினார்கள்.
நுபைல் சிரித்தது
விசிறிச் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

மறுகாதான் விளங்கிச்சு.
காசு கொடுத்தது இரும்புக்கில்லை, ஓட்டத்துக்கு.
இருபது பாகமாவது ஓடிவர வெளி வேணும்.
மோதின கையோடு கிறுகி வெளியே வர வேணும்,
வந்து மூச்செடுத்துத் திரும்பவும் ஓட வேணும்.
சண்டைக்குள் நின்றுபோன குதிரை
தட்டில் ஏறின லொறி,
எந்தப் பயலும் நிறுத்துப் பார்ப்பான்.
என் தொழிலுக்கு நேர்மாறான கணக்கு.

ஈட்டி இருக்கிற பக்கம் போகாதே.
வில்லுக்காரனைத் தேடு, கல்லெறி பொறியைத் தேடு.
சேறு கண்டால் விலகு.
வெட்டு மெசின் வயலுக்குள் புதைகிறதை
வருசா வருசம் பார்க்கிறவனுக்கு
இதை ஒருத்தர் சொல்லவா வேணும்?
எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மாசி மாதம், வெட்டு நடக்கிற காலம்.
அன்றைக்கு முப்பது குதிரையைக்
காட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.
காலாளை ஆற்றங்கரையில் வரிசையாக விட்டேன்.
நுபைலின் ஒற்றன் ஒருத்தன் வந்து எட்டிப் பார்த்தான்,
இலைக்குள் ஐந்தாறு தலைக்கவசம் கண்டான், ஓடினான்.
கெட்டது காரியம்.
அந்த நேரம் பார்த்து ஹோர்ன்.

உகணையிலிருந்து விஜேபால. ஈர நெல்லு.
தார்ப்பாய் முடிச்சு இறுகிப்போயிருந்தது.
ஈரமானி பதினெட்டுக் காட்டிற்று, அவன் பதினாறு என்றான்,
திரும்பவும் அள்ளிப் போட்டோம், பதினேழரை.
ஒன்பது நிமிடம்.
முப்பது குதிரையும் ஒன்பது நிமிடம்
கட்டளையில்லாமல் நின்றன.

வந்து பார்க்கிறேன்,
இருந்த ஈட்டி அவ்வளவையும்
காட்டோரம் கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறான்,
வராத குதிரைக்கு.
ஆற்றங்கரையில் அவனுடைய வில்லுக்காரர்
வேலியில்லாத கத்தரித் தோட்டம்.

தெற்கால் சுற்றிப் போனேன், மெதுவாக.
கடைசி இருபது பாகம் மட்டும் பாய விட்டேன்.
ஒன்று. கிறுகு.
இரண்டு. கிறுகு.
மூன்றாவதுக்கு ஆளில்லை.

சுவருக்கு அப்பால் சத்தமில்லை.
பிறகு பிளேன்டீக் கோப்பையோடு
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
"நீ எழும்பிப் போன எனக்குத் தெரியாடா.
இவ்வளவு நேரம் விடாம வெச்சிருக்கானே,
என்னதான் செய்யப்போறான் எண்டு
பயத்தில செத்துப் போனன்."

விஜேபாலவின் துண்டை எடுத்துப் பார்த்தேன்.
ஈரம் பதினேழரைக்குப் பதில்
முப்பது என்று எழுதியிருந்தேன்.
வெட்டித் திருத்தினேன்.

வெளியே அடுத்த லொறி வந்திருந்தது.
தட்டில் ஏறாமல்,
லைட்டை அணைக்காமல்
கேற்றடியில் நின்றது.
எத்தனை கிலோ என்று தெரியவில்லை.
இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.