வேலை செய்கிறதா

காதில் ஒன்றும் விழவில்லை என்றார் கமருன்னிசா மேடம்.
விழாது.
விழுந்தால்தான் பழுது.

பழையபேட்டை, கொய்யா மரத்தடி,
எட்டடிக்கு ஐந்தடியில் சிமெண்ட் குளம்.
சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி
அதில் ஒருக்களித்து மிதக்கிறது.
நமக்கு எட்டாத சத்தத்தை ஓயாமல் எழுப்பி
பாசியை உள்ளிருந்தே உடைக்குமாம்.
அட்டையில் படம் போட்டிருக்கிறது:
இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் நீலம்,
நடுவில் ஓர் அம்புக்குறி.

ஓசூரில் ஒரு கம்பெனி மூடியபோது
ஏலத்தில் எடுத்த ஆசிலாஸ்கோப் என்னுடையது.
ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்து
ரவுண்டானா சுற்றி, மெதுவாகக் கொண்டுவந்தேன்.
கம்பியை இணைத்ததும்
திரையில் எழுந்தது அலை.
நொடிக்கு நாற்பதாயிரம்.
கோணல் இல்லை, பிசிறு இல்லை.
என் கடைக்கு வரும் இன்வெர்ட்டர்களில்
இவ்வளவு ஒழுங்கான அலையைப் பார்த்ததில்லை.

"வேலை செய்யுது மேடம்."

"அப்போ இது?"
ஒட்டடைக் குச்சியை விட்டுத் தூக்கினார்.
பிழியாமல் எடுத்த போர்வைபோல்
கனத்து வந்தது நூல்பாசி,
சொட்டச் சொட்ட.

இது மூன்றாவது கருவி.
முதலாவது, செம்புக் கம்பிகள் இரண்டு.
மின்சாரத்தில் அணு அணுவாகக் கரைந்தன.
ஒரே வாரத்தில் நத்தைகள் செத்தன.
பாசியைத் தின்றுகொண்டிருந்தவை
அவை மட்டும்தான்.

இரண்டாவது, புற ஊதா விளக்குக் குழாய்.
அதைக் குறை சொல்ல முடியாது.
மல்லிச் சட்னி கழுவிய தண்ணீர்
பன்னிரண்டே நாளில் கண்ணாடி ஆனது.
அடியில் கிடந்த ஐந்து ரூபாயில்
சிங்கம் தெரிந்ததாம், செல்போனில் காட்டினார்.
தண்ணீர் தெளிந்ததும்
வெயில் நேரே அடிவரை இறங்கியது.
அதுவரை இருட்டில் ஒடுங்கிக் கிடந்த நூல்பாசி
கதவு திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
கொஞ்ச நேரம் சும்மா பார்த்தேன்.
மேடம் தீவன டப்பாவோடு வந்தார்.
வங்கிக்குக் கிளம்பும்போது ஒரு பிடி,
திரும்பியதும் ஒரு பிடி,
விளக்கணைக்கும் முன் இன்னொன்று.
இன்று விடுமுறை,
கணக்கு இல்லை.
ஆரஞ்சு மீன்கள் பதினொன்றும்
விரல் நுனிக்கு வந்து வாய் திறந்தன.
"பிராஞ்சிலயும் இப்படித்தான் வாயைத் திறந்துகிட்டு வர்றாங்க.
இதுங்க கேட்டா சாங்ஷன் பண்ண
நான் யாரையும் கேக்க வேணாம்."

கரையில் ரோஜாத் தொட்டிகள் ஒன்பது.
ஒவ்வொன்றிலும் கரையாத டி.ஏ.பி. குருணை.
தொட்டியின் ஓட்டையில் கசியும் நீர்
எந்தப் பக்கம் போகிறது என்று
ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன்.
போட வேண்டிய அவசியமே இல்லை.

"தீனியை ஒரு வேளையா குறைச்சுப் பார்க்கலாம்.
தொட்டிங்களையும் தள்ளி வைக்கலாம்."

மேடம் மீன்களைப் பார்த்தார்.
"பெட்டியை மாத்திக் குடுப்பாங்களா?" என்றார்.

அப்போதுதான் கரண்ட் போனது.
மாதாந்திரப் பராமரிப்பாம், ஐந்து மணிக்குத்தான் வருமாம்.
திரை இருண்டது.
பெட்டியின் சிவப்புப் பொட்டு அணைந்தது.
தட்டான் ஒன்று வந்து அதன்மேல் குந்தியது.
உச்சி வெயிலில்
போர்வை இழைகளுக்குள்ளிருந்து
ஒரு குமிழ்.
இன்னொன்று.
பிறகு வரிசையாக.
கம்பியோ பிளக்கோ வாரண்டியோ இல்லாமல்
அதுவும் வேலை செய்துகொண்டிருந்தது.

ரசீது எழுதினேன்.
சோதனைக் கட்டணம் இருநூறு.
குறை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
'கருவியில் இல்லை' என்று எழுதி
முதல் சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டேன்.
ரூபாயோடு நாலு கொய்யாவும் தந்தார்,
ஒன்று அணில் கடித்தது.

ஸ்கூட்டரை மிதிக்கும் முன்
மதிலுக்கு அந்தப் பக்கம்
டப்பாவின் மூடி திறந்தது.
அது
காதுக்கு எட்டுகிற சத்தம்தான்.