நாலாவது கட்டி

எதிர்சேவை அன்று தல்லாகுளம் வழியே பஸ் விடவில்லை.
என்னோடு இரண்டாவது கண்ணாக நிற்க வேண்டிய ரோஸ்லின்
புதூரில் மாட்டிக்கொண்டு
போனில் வெறும் கொட்டுச் சத்தமாக இருந்தாள்.
வெளியே பெஞ்சில் முப்பத்தெட்டுப் பேர்.
கோபால்ட் மெஷினுக்குத் திருவிழா கிடையாது.

ஆறாவதாகப் பேச்சியம்மாள், செக்கானூரணி.
மார்பில் நான் போட்ட மைக்கோடு அழியக் கூடாதென்று
பதினோரு நாளாக
இடுப்புக்குக் கீழே மட்டும் குளிக்கிறவர்.
படுத்தார். விளக்கைக் குறைத்தேன்.
தட்டில் ஈயக்கட்டிகளை அடுக்கினேன்.

"உள்ள இருக்கது ஒரு கட்டி,
அதுக்கு மேல நாலு கட்டி வப்பீக.
இன்னைக்கு மூணுதான தாயி இருக்கு?"

பேசாதீங்கம்மா, என்றேன்,
பேச்சி என்று பெயர் வைத்த ஒருவரிடம்.
அசையாதீங்க.
கதவை மூடினேன்.

டிவியில் தெரிந்தது:
வலது கை கொஞ்சம் எழுந்தது, நாலு விரல் விரித்து.
கையை இறக்குங்க, என்றேன் மைக்கில்.
இறக்கினார்.
தொண்ணூற்றாறு விநாடி.

அடுத்தவருக்காக அலமாரியைத் திறந்தபோது
அது அங்கே இருந்தது.
உள்ளங்கை அளவு. நுரையீரல் ஓரத்தை மறைக்க வார்த்தது.
அவருடைய நம்பர், என் கையெழுத்தில்.

பிசிக்ஸ் பார்க்கும் அன்வர்தீன் கணக்குப் போட்டார்.
ஒரு நாள் அளவுதான், மீதி நாளில் சரிக்கட்டலாம் என்றார்.
ஃபாரத்தில் ஒரு கேள்வி:
தவறு எப்படித் தெரிய வந்தது?
அலமாரியில் கட்டியைப் பார்த்ததால், என்று எழுதினேன்.
அடித்தேன்.
நோயாளி முன்பே சொன்னார், என்று எழுதினேன்.
அதற்குக் கீழே கையெழுத்து வர வெகுநேரம் ஆனது.

என் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வரும்.
வரம்புக்குள் என்று தாள் சொல்லும்.
என்மேல் பட்டதை மட்டும் அளக்கத் தெரிந்த பேட்ஜ்.

மறுநாள் டாக்டரும் நானும் அவரிடம் சொன்னோம்.
சொற்களைப் பொறுக்கி வைத்திருந்தோம்.
முழுக்கக் கேட்டுவிட்டு
முந்தானையை இழுத்துச் செருகி,
"நாந்தேன் அப்பவே சொன்னேன்ல" என்றார்.
அவ்வளவுதான்.

இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.
இருவர் எண்ண வேண்டும், தனித்தனியே, வாய்விட்டு.
ரோஸ்லின் எண்ணினாள். நான் எண்ணினேன்.
தாள் அதோடு முடிகிறது.

குனிந்து கேட்டேன்: எத்தனைம்மா?

கூரையைப் பார்த்துக் கிடந்தவர் அவசரப்படவில்லை.
வெளியே யாரோ இருமினார்கள்.
விரல் ஒவ்வொன்றாக மடங்கியது.

"நாலு.
இப்பக் கதவைச் சாத்து."